இலை சிவந்தால் மரம் நோயுற்றதா?

இவ்வாண்டு ஜனவரி மாதக் கடைசி ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்த வேளையில், எங்கள் பங்கு ஆலய வளாகத்தின் மேற்கு மூலையில் நிற்கும் மரம் ஒன்றைச் சுற்றிச் சிறு கூட்டம் கூடிவிட்டது. மரத்தின் இலைகளுள் பாதி இரத்தச் சிவப்பாகவும், மீதி மஞ்சளும் செம்பும் கலந்த நிறமாகவும் மாறியிருந்தன. தரையிலும் அதே நிறத்தில் ஒரு விரிப்பு. "மரத்துக்கு ஏதோ நோய் வந்துவிட்டது, மற்ற மரங்களுக்கும் பரவுமுன் வெட்டிவிடுவது நல்லது" என்றார் பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவர். நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். மறுநாளே ஆள் அனுப்பவும் ஆயத்தமாயிருந்தார். பங்குத்தந்தை எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஏனெனில், 2019ஆம் ஆண்டில் அந்தக் கன்றை அங்கே நட்டவர்கள் நாங்களே.

"மரம் நலமாகத்தான் இருக்கிறது, ஃபாதர். இன்னும் மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள்" என்று மட்டும் அன்று சொல்லிவிட்டு வந்தோம். ஆலய வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கத்தக்க கதையன்று அது. அதனாலேயே இப்பக்கங்களில் எழுதுகிறோம். அந்த உறுப்பினரைக் குறை கூறும் தகுதியும் எங்களுக்கு இல்லை. இதன் தாய்மரம் எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சிவந்தபோது, கடப்பாரையுடன் அதன் அருகே சென்றவர்கள் நாங்கள்.

'நாங்கள்' என்று எழுதுவது பெருமைக்கன்று. சொல்பவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர். நாற்பது ஆண்டு இல்லறத்தில் எது யாருடைய நினைவு என்று பிரித்தறிய இயலாமற் போய்விட்டது.

2015 டிசம்பர் முதல் நாள் இரவை மேற்குத் தாம்பரத்தார் எவரும் மறந்திரார். மறுநாள் காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளுக்குள் புகுந்தது. எங்களுடையது முடிச்சூரில் மாடியில்லாத வீடு. நள்ளிரவுக்குப் பின் கட்டில் மிதந்தது. அம்மாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது, நடக்க இயலாதவர். பக்கத்து வீட்டு ஐயா, தாமும் அறுபதைக் கடந்தவர், மார்பளவு நீரில் இறங்கி வந்து அம்மாவைத் தம் முதுகில் சுமந்துகொண்டு போய்த் தம் வீட்டு மாடியில் சேர்த்தார். அன்றிரவும் மறுநாள் பகலும் அவர்கள் மாடியில், அவர்கள் சோற்றை உண்டு, அவர்கள் போர்வையில் படுத்திருந்தோம். பின்னர் படகு வந்தது. இந்தக் கடனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்; மரத்தின் கதையோடு இது பின்னிக் கிடக்கிறது.

வெள்ளம் வடிந்து, சேற்றை வாரிக் கொட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடிக்க மூன்று மாதமாயிற்று. மார்ச்சில் ஒருநாள், மதில் ஓரத்தில், நாங்கள் விதைக்காத ஒரு கன்று முளைத்து நிற்கக் கண்டோம். தடித்த தண்டு, அகன்ற பளபளப்பான நாலைந்து இலைகள். இன்னது என்று விளங்கவில்லை. சலவைக்காரர் "தேக்கு" என்றார். தேக்கென்றால் பணம் அல்லவா! இரண்டு நாள் வரை எங்களுக்கும் அதில் ஆசை இருந்தது. பால்காரர் "காட்டு அத்தி" என்றார். கிள்ளிப் பார்த்தோம், அத்திக்குரிய பால் வரவில்லை. தேக்கின் இலை சொரசொரப்பாக, இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். இதுவோ வழவழப்பானது, எதிரெதிராகவும் இல்லை, தண்டின் நுனியில் கொத்தாகக் கூடியிருந்தது.

கட்டிலில் இருந்த அம்மாவிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பிறந்து வளர்ந்தது கோவளத்துக் கடற்கரை. இலையைக் கையில் வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாதாங்கன்று. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? பள்ளிக்கூடம் விட்டால் கல்லை எடுத்துக்கொண்டு இந்த மரத்தடிக்குத்தான் ஓடுவோம்" என்றார். "வெள்ளம் நம்மிடமிருந்து எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று, இதை மட்டும் கொண்டுவந்து வைத்திருக்கிறது" என்றும் சொன்னார். அது முற்றும் கற்பனையன்று. இம்மரத்தின் காய் தக்கைபோன்ற நாரால் மூடப்பட்டது; நீரில் நன்றாக மிதக்கும்; கடல் நீரிலேயே நெடுந்தொலைவு மிதந்து சென்று அயல் கரையில் முளைக்க வல்லது. ஆயினும், பழந்தின்னி வௌவால்களும் இப்பழத்தைக் கவ்விக்கொண்டு போய்த் தின்றுவிட்டுக் கொட்டையை ஆங்காங்கே போடுவதுண்டு. எங்கள் கன்றைக் கொணர்ந்தது ஆற்று வெள்ளமா, வௌவாலா என்பதற்குச் சாட்சி இல்லை. அம்மாவிடம் வௌவாலைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை.

நாட்டு வாதுமை என்று நூல்களிலும், வாதாமரம், பாதாம் மரம் என்று தெருவிலும் வழங்கும் இம்மரத்தை அறிந்துகொள்வது எளிது. நேர்த்தண்டிலிருந்து கிளைகள் ஒரே மட்டத்தில் சக்கரம்போல் சுற்றிலும் நீளும். சற்று மேலே இன்னொரு சக்கரம். அதற்கும் மேலே வேறொன்று. தொலைவிலிருந்து பார்த்தால் அடுக்குக் குடை விரித்தாற்போல் தோன்றும். இலை ஒரு சாண் நீளம் இருக்கும். நுனியில் அகன்றும், காம்பை நோக்கிக் குறுகியும் அமைந்திருக்கும். பூ மிகச் சிறியது, வெண்மையானது, இதழற்றது. கதிர்போன்ற தண்டில் வரிசையாக நிற்கும். அதன் வாசனையை யாரும் புகழ்ந்து நாங்கள் கேட்டதில்லை. காய் சற்றே தட்டையாய், ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்கும். பழுக்கையில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும்.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளம் பெண் சித்த மருத்துவம் படிப்பவர். அம்மாவைப் பார்க்க வந்தபோது மற்றோர் அடையாளத்தையும் காட்டிக் கொடுத்தார். இலையைத் திருப்பி, காம்போடு சேரும் இடத்தில் நடு நரம்பின் இருபுறமும் பார்த்தால், கடுகளவில் இரண்டு சுரப்பிகள் தென்படும். ஆற்றங்கரை மருத மரத்தின் இலையிலும் இத்தகைய சுரப்பிகளைக் காணலாமாம். வாதாமரமும் மருதும், திரிபலையில் சேரும் கடுக்காயும் தான்றிக்காயும் ஒரே இனத்தின் உடன்பிறப்புகள். தாவர நூலார் இந்த இனத்துக்கு இட்ட பெயர் 'டெர்மினாலியா'. 'டெர்மினுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு முடிவு, எல்லை என்று பொருள்; கிளையின் முடிவிலே இலைகள் கூடுவதால் வந்த பெயர். லின்னேயஸ் 1767இல் இம்மரத்துக்கு 'டெர்மினாலியா கட்டாப்பா' என்று பெயரிட்டார். 'கட்டாப்பா' என்பது 'கெத்தாப்பாங்' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அந்தமான் தீவுகள் தொடங்கி மலேயா, பசிபிக் தீவுகள்வரை கடற்கரையோரம் தானே வளரும் மரம் இது. உப்புக் காற்றையும் மணலையும் பொருட்படுத்தாது. கோவளத்தில் அம்மா கண்டதும் இதனால்தான்.

பாதாம் என்னும் பெயரால் ஒரு குழப்பம் விளைகிறது. அதில் எங்களுக்கும் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன், எங்களுள் ஒருவர் மறைக்கல்வி வகுப்பு நடத்தியபோது, ஆரோனின் கோல் துளிர்த்துப் பூத்து வாதுமைப் பழம் தந்ததைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்காக, தெருவோர வாதாமரத்தின் கிளை ஒன்றை ஒடித்து வந்து மேசைமேல் வைத்தார். பிள்ளைகள் மகிழ்ந்தனர். ஆனால் அது வேறு மரம்! எண்ணிக்கை நூல் 17ஆம் அதிகாரம் கூறும் வாதுமை, கடையில் நாம் வாங்கும் பாதாம் பருப்பைத் தரும் மரம். ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச் பழத்துக்கு உறவு. நம் நாட்டில் காஷ்மீரில் விளைகிறது. குளிர்காலம் இன்றி அது காய்க்காது. தாம்பரத்தில் அதற்கு வாழ்வில்லை. இஸ்ரயேல் நாட்டில் குளிர் நீங்குமுன்பே, இலை விடுமுன்பே, மற்ற மரங்களுக்கெல்லாம் முந்திப் பூப்பது அது. எபிரேயத்தில் அதன் பெயர் 'ஷாக்கேத்'; விழித்திருப்பவருக்கு 'ஷோக்கேத்' என்று பெயர். எரேமியா நூலின் முதல் அதிகாரத்தில் இறைவாக்கினர் வாதுமைக் கிளையைக் காண்பதும், ஆண்டவர் தாம் விழித்திருப்பதாக விடை கூறுவதும் இச்சொல்விளையாட்டை உட்கொண்டவை. மொழிபெயர்ப்பில் அது மறைந்துவிடுகிறது. அன்று அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். இதைப் படிப்பார்களாயின் திருத்திக்கொள்வார்களாக.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் வந்தபோது எங்கள் கன்று இடுப்பளவு வளர்ந்திருந்தது. நுனி ஒடிந்தது, பக்கத்தில் வேறொரு நுனி புறப்பட்டது. அடுத்த ஆண்டில் ஆள் உயரத்தைக் கடந்தது. அம்மா ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2018 ஜனவரியில் அதன் இலைகள் சிவக்கத் தொடங்கின. முதலில் அடியிலிருந்த இரண்டு இலைகள். பின்னர் மளமளவென்று எல்லாம். நாங்கள் அஞ்சினோம். தரை துடைத்த பினாயில் நீரை வேலைக்கார அம்மாள் அங்கே கொட்டியிருப்பாரோ என்று அவரைக் கேட்டு, அவர் மனத்தை நோகச் செய்தோம். வேப்பம்பிண்ணாக்கு வைத்தோம். நாளுக்கு இருமுறை நீர் ஊற்றினோம். ஒன்றும் பயன்படவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஓர் இலையும் இல்லை. வெறும் குச்சிதான் நின்றது. மகன் கடப்பாரையை எடுத்து வந்தான். அப்போது அம்மா கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஏண்டா கண்ணு, அதற்கு அதுதான் வழக்கம். சாம்பல் புதன் வரையிலாவது விட்டு வை." அவ்வாண்டு சாம்பல் புதன் பிப்ரவரி 14. கிழவி சொல்லைத் தட்ட வேண்டாமென்று கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தான். சாம்பல் பூசிக்கொண்டு நாங்கள் வீடு திரும்பிய அன்று, கிளை நுனிகளில் மெழுகுவத்திச் சுடர்போல் கூரிய தளிர்கள் நின்றன. ஒரு வாரத்துக்குள் கைப்பிடியளவு இலையாயின. அம்மா அவ்வாண்டு ஆகஸ்டில் இறைவனடி சேர்ந்தார். மரம் சிவந்ததை எங்களோடு இருந்து அவர் கண்டது அந்த ஒரு முறைதான்.

நாங்கள் இவ்வாறு ஏமாந்ததற்குக் காரணமும் உண்டு. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இயற்கைக் காடு, இலை உதிராத வறண்ட பசுமைக்காடு. அதன் மிச்சத்தைத் தாம்பரத்திலேயே காணலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரை விட்டு இங்கே குடியேறியபோது அமைந்த ஏறத்தாழ 365 ஏக்கர் வளாகத்தில், அத்தகைய புதர்க்காடு இன்றும் இருக்கிறது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் என்பவர் தாவரங்களில் பேரார்வம் கொண்டு அவ்வளாகத்தைப் பேணியவர். மலைகளில் அவர் தேடிக் கண்ட செடிகளுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஆண்டு முழுதும் பசுமை காட்டும் இத்தகைய மரங்களையும், வேம்பையும் புங்கையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு மரம் முழுவதும் சிவந்தால் அது நோயாகத்தான் தோன்றும். அரசும் பூவரசும் இலை பழுத்து உதிர்ப்பவைதாம். ஆயினும் அவற்றின் மஞ்சளை நாம் கவனிப்பதில்லை.

மகள் 2017 முதல் கனடாவின் டொராண்டோ நகரில் செவிலியாகப் பணியாற்றுகிறாள். அக்டோபர் தோறும் அங்குள்ள மேப்பிள் மரங்களின் படங்களை அனுப்புவாள். தெரு முழுதும் தீப்பற்றினாற்போல் இருக்கும். விடுமுறை எடுத்துக்கொண்டு இலைகளைப் பார்ப்பதற்கென்றே மக்கள் பயணம் போகிறார்களாம். 2018 கிறிஸ்துமசுக்கு வந்தபோது, கைப்பையில் பத்து மேப்பிள் விதைகளைக் கொண்டுவந்தாள். (வெளிநாட்டு விதைகளை அனுமதியும் சோதனையும் இன்றிக் கொண்டுவருவது சட்டப்படி தவறு என்பதைப் பின்னரே அறிந்தோம். எவரும் எங்களைப் பின்பற்ற வேண்டாம்.) ஈரத்தாளில் சுற்றி, குளிர்ப்பெட்டியில் மூன்று மாதம் வைத்தால்தான் அவ்விதை விழிக்கும் என்றாள். வைத்தோம். இரண்டு முளைத்தன. ஒன்று ஏப்ரலில் கருகிற்று. மற்றொன்று நான்கு இலைகளுடன் அக்கினி நட்சத்திரம்வரை தாங்கியது. குளிரில் உறங்கி எழவேண்டிய மரத்துக்கு உறங்குவதற்கு இங்கே இடமில்லை.

அதே நாட்களில், ஜன்னலுக்கு வெளியே எங்கள் வாதாமரம் பத்து வாரத்துக்குமுன் சிந்திய சிவப்பு இலைகள் சருகாகிக் கிடந்தன. கனடாவிலிருந்து விதை தருவித்து நாங்கள் தேடியது வாசலிலேயே நடந்து முடிந்திருந்தது.

இலை ஏன் சிவக்கிறது என்பதை மகளே தொலைபேசியில் விளக்கினாள். இலைக்குப் பசுமை தருவது பச்சையம். இலையை உதிர்க்கும் காலம் வந்ததும், மரம் அப்பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள தழைச்சத்து முதலியவற்றைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. போகுமுன் வீட்டைப் பூட்டிச் சாமானை உள்ளே எடுத்து வைப்பதுபோல! பச்சை மறைந்ததும், அதுவரை ஒளிந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ முன்பே இருந்ததன்று; கடைசி நாட்களில் இலையிலுள்ள சர்க்கரையைக் கொண்டு புதிதாக உண்டாவது. பின்னர்க் காம்பின் அடியில் தக்கைபோன்ற தடுப்பு வளர்ந்து, இலை தானே கழன்று விழுகிறது. குளிர்நாட்டில் பகல் குறுகிக் குளிர் ஏறுவது இதற்கு அறிகுறி. இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறட்சி தொடங்குவதே அறிகுறி. ஆகையால் அங்கே அக்டோபரில் காண்பதை நாம் ஜனவரி, பிப்ரவரியில் காண்கிறோம். சில மரங்கள் ஆண்டில் இருமுறையும் இலை மாற்றும். எல்லா மரமும் ஒன்றுபோல் சிவப்பதுமில்லை. நிழலில் நிற்பது மஞ்சளோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறோம். நல்ல வெயிலில் நிற்பதே நல்ல நிறம் காட்டுகிறது.

2019இல் மரம் காய்த்தது. கீழே விழுந்த பழங்களுள் பருத்தவற்றைப் பொறுக்கி, சதையை நீக்கி, ஒருநாள் நீரில் ஊற வைத்து, மணலும் மட்கிய எருவும் கலந்த பழைய பெயிண்ட் டப்பாக்களில், படுக்கை வசமாகப் பாதி புதையும்படி வைத்தோம். ஓட்டை உடைக்கவில்லை. நான்காம் வாரம் முதல் ஒன்றிரண்டாக முளைத்தன. கடைசிக் கன்று வெளிவர இரண்டு மாதமாயிற்று. முளைக்காதவையும் பல. கொட்டையை நெடுநாள் வைத்திருந்தால் முளைப்பு குறையும். புதிதாக விழுந்ததே உகந்தது. ஒன்றரை முழம் உயர்ந்த கன்றைச் செப்டம்பர் இறுதியில், பெருமழைக்குமுன், இரண்டடிக் குழியில் நடலாம். முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் வேண்டும். அதன்பின் அது நம்மைத் தேடாது. நுனியை மட்டும் வெட்டக்கூடாது. வெட்டினால் குடை அடுக்கு குலைந்துவிடும். நர்சரிகளில் வாதாம் என்று கேட்டால், மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த, விரல் நீளமே இலையுள்ள வேறோர் இனத்தைத் தருவதுண்டு. அதுவும் அடுக்கடுக்காய் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இது அதுவன்று. இலையின் அளவைப் பார்த்து வாங்குக.

எல்லாவற்றினும் முதன்மையானது இடம். இதை எழுதும்போதுதான் எங்கள் கை தயங்குகிறது. எங்கள் மரம் தானே முளைத்த இடம் மதிலிலிருந்து மூன்றடி. கன்றாக இருந்தபோதே வேறிடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். அம்மா ஜன்னலிலிருந்து பார்க்கிறாரே என்று விட்டோம். அவர் போன பின்னர், அவர் பார்த்த மரமாயிற்றே என்று விட்டோம். அது ஐம்பது, அறுபது அடிவரை உயரும் மரம். கிளைகளோ பக்கவாட்டில் நீளும் இயல்புடையவை. 2021க்குள் இரண்டு அடுக்குகள் பக்கத்து வீட்டு மாடிக்குமேல் விரிந்துவிட்டன. எந்த மாடியில் நாங்கள் உயிர் தப்பினோமோ அதே மாடி.

அவ்வாண்டில் பக்கத்து வீட்டு ஐயா கொரோனாவில் காலமானார். அக்கா தனியாக இருந்தார். மரத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்து ஓய்ந்த இரண்டாம் நாள், அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, அவருடைய படுக்கையறையில் ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தோம். மழைநீர்க் குழாயின் வாயை எங்கள் மரத்தின் இலைகள் அடைத்திருந்தன. சாணளவு இலை நனைந்து படிந்தால் தோல்போல் ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஆண்டாக முழங்கால் வலியோடு அவர் அந்தப் படிகளில் ஏறிப் பெருக்கியிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. "முன்பே ஏன் சொல்லவில்லை, அக்கா?" என்று கேட்டோம். "அவர் இருந்தவரை அவர் பெருக்கினார். அதன் பிறகு நான். இதற்கெல்லாமா வந்து சொல்லுவார்கள்?" என்றார்.

மதிலில் விரல் நுழையும் விரிசலும் கண்டிருந்தது. கிளையை மட்டும் குறைக்கலாமா என்று ஒரு மாதம் எண்ணினோம். வெட்டிய பக்கத்தில் மரம் மீண்டும் துளிர்த்து நீளும், வேரோ கேட்காது. ஜனவரியில் அது இறுதியாகச் சிவப்பதைப் பார்க்கும் ஆசையால் மட்டும் காத்திருந்தோம். அந்த ஆறு வாரமும் தினம் காலையில் எங்களுள் ஒருவர் அக்காவின் மாடியைப் பெருக்கினோம். 2024ஆம் ஆண்டில் மரத்தை வெட்டினோம். அக்கா வேண்டாம் என்றார், கண்ணீர் விட்டார். எங்களுக்கும் எளிதாக இல்லை. கொணர்ந்தது வெள்ளமென்றால், அதை எங்கள் மதிலோரம் வைத்தது வெள்ளத்தின் பிழை. எட்டாண்டு அங்கேயே விட்டது எங்கள் பிழை. அடிமரம் செந்நிறமாய் உறுதியாக இருந்தது. தச்சர் அதை அறுத்து ஒரு விசுப்பலகை செய்து கொடுத்தார். அது அக்கா வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

ஆகவேதான், ஆலய வளாகத்திலுள்ள மரத்தை நோயென்று எண்ணி வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அது அந்தத் தாய்மரத்தின் கொட்டை. மதிலிலிருந்து அளந்து இருபத்திரண்டு அடி தள்ளி நட்டது. அதன் இலைகள் விழுவது நம் மண்ணில்தான். அடைபடக் குழாய் எதுவும் அங்கே இல்லை. உதிர்ந்த இலைகளை எரிக்கவும் வேண்டா. துவர்ப்புள்ளவையாதலால் மெதுவாகத்தான் மட்கும். ஆனால் மற்றச் செடிகளின் அடியில் பரப்பினால் கோடையில் ஈரம் காக்கும். சண்டைமீன் வளர்க்கும் இளைஞர்கள் இவ்விலையைக் காய வைத்துத் தொட்டி நீரில் போடுகிறார்கள். நீர் தேநீர் நிறம் கொள்ளும், மீனுக்கு நல்லது என்கிறார்கள். கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய்வரும் நம் பாடகர் குழுத் தம்பி ஒருவர் சென்ற மாதம் ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு போனார். பருப்பைத் தின்னவும் செய்யலாம். சிறியதுதான், ஆனால் ஏறத்தாழப் பாதி எண்ணெய். மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகள் அங்கே கல்லோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு யாரும் அதட்ட வேண்டாம்.

பிப்ரவரி மூன்றாம் ஞாயிறன்று அம்மரம் தளிர்த்திருந்தது. வெட்டச் சொன்ன பேரவை உறுப்பினர் திருப்பலிக்குப் பின் அதன் அடியில் சிறிது நேரம் நின்றார். எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மரத்தடியில் புதிய தென்னந்துடைப்பம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

வெட்டுமுன் பொறுக்கிய கொட்டைகளிலிருந்து வந்த கன்றுகள் பதினொன்று எங்கள் வீட்டில் டப்பாக்களில் இருக்கின்றன. ஒன்றை அக்கா கேட்டிருக்கிறார். கூடுவாஞ்சேரியில் அவர் மகன் வாங்கியுள்ள மனையில் வைப்பதற்காம். சென்ற வாரம் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மூவருமாகப் போய் அளந்தோம். வடக்கு மதிலிலிருந்து பதினெட்டு அடி, கிணற்றிலிருந்து இருபது. செப்டம்பரில் நடுவதாக உத்தேசம். மீதி பத்துக் கன்றுகளைப் பெற விரும்புவோர், தங்கள் இடத்தை அளந்துகொண்டு, ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் எங்களைப் பார்க்கலாம்.